தரகர் யாருடைய ஆள்?

வாசகி ஒருவரின் கடிதம்:

“தந்தையின் மறைவுக்குப் பின் எனக்கும் என் தம்பிக்கும் சமபங்காக வந்த வீட்டை விற்பதற்காக, தெரிந்தவர் சொல்லைக் கேட்டு ஒரு தரகரிடம் பொறுப்பை ஒப்படைத்தோம். எழுத்தில் எதுவும் இல்லை. விலையில் நூற்றுக்கு இவ்வளவு தரகு என்று வாய்ப்பேச்சுதான். அவர் அழைத்து வந்தவரோடு விலை பேசி முடித்து, மூன்று வாரம் கழித்து விற்பனை ஒப்பந்தம் எழுதி முன்பணம் பெற்றோம். கிரயம் இன்னும் ஆகவில்லை. முன்பணம் தரகரின் கைவழியாக வந்தது. அதில் ஒரு பகுதியைத் தம் தரகு என்று சொல்லி அவரே வைத்துக்கொண்டார். வாங்குபவர் அவருடைய உடன்பிறந்த தம்பி என்பது இப்போதுதான் தெரிய வந்திருக்கிறது. அந்த மூன்று வார இடைவெளியில் வேறொருவர் கூடுதல் விலைக்குக் கேட்டிருக்கிறார். அதையும் எங்களிடம் சொல்லவில்லை. ‘உங்களிடம் பேச்சு முடிந்துவிட்டதே, இனி எதற்குச் சொல்ல வேண்டும்? நான் நடுவில் நின்றவன். இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குவது தொழிலில் உள்ளதுதான்’ என்கிறார். அதே தெருவில் இன்னொருவர் வீட்டையும் அவர் விற்றுக்கொண்டிருந்தார். இதுவும் துரோகம் அல்லவா? ஒன்றை மறைக்க விரும்பவில்லை. மழைக்காலத்தில் பின்னறைச் சுவரில் ஓதம் ஏறும். பார்க்க வருபவர்களிடம் அதைச் சொல்ல வேண்டாம் என்று நாங்கள்தான் தரகரிடம் சொல்லி, வண்ணம் பூசி வைத்தோம். மீதித் தரகைத் தராவிட்டால் அதை வெளியே சொல்லிவிடுவேன் என்று மிரட்டுகிறார். அவருக்குச் சட்டப்படி என்ன கடமைகள்? நாங்கள் தரகு தர வேண்டுமா? அதிக விலை சொன்னவருக்கே விற்க முடியுமா?”

அன்புள்ள அம்மையாருக்கு,

உங்கள் கடிதத்தில் ஐந்து குறைகள் ஒரே மூச்சில் வருகின்றன. அவற்றில் மூன்று மிக வலுவானவை. ஒன்று குறையே அல்ல. கடைசியாக நீங்கள் மறைக்காமல் சொன்ன ஓதம், தரகருக்கு எதிராக அல்ல, உங்களுக்கு எதிராக நிற்கக்கூடியது. வழக்கறிஞரிடம் வரும்போது பலரும் விட்டுவிடுகிற பகுதியை நீங்களே எழுதியிருப்பதால், மற்றவற்றுக்கும் ஒழுங்காக விடை சொல்ல முடிகிறது.

எந்த நாட்டில் இருக்கிறீர்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. விதிகளின் எண்களும், முறையிட வேண்டிய அமைப்புகளும் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் ஒருவர் மற்றொருவருக்காகச் செயல்படும்போது எழும் கடமைகள், ஆங்கிலச் சட்ட மரபு பரவிய நாடுகளில் எல்லாம் ஏறத்தாழ ஒரே வேரிலிருந்து வந்தவை. அந்த மரபை மிகத் தெளிவாக எழுத்தில் வடித்தது இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872. மலேசியாவின் ஒப்பந்தச் சட்டம் 1950 பெரும்பாலும் அதன் சாயலிலேயே அமைந்தது. இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் அதே கொள்கைகள் நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியாக வாழ்கின்றன. ஆகவே இந்தியச் சட்டத்தின் சொற்களை அடிப்படையாக வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்தில் பிற நாடுகளைத் தொட்டுச் செல்கிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியது, அவர் யாருடைய ஆள் என்பது. தரகர் என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வகையானவர்களுக்குப் பயன்படுத்துகிறோம். விற்பவரையும் வாங்குபவரையும் சந்திக்க வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்பவர் ஒருவர். ஒரு பக்கத்தாரின் பொறுப்பை ஏற்று, அவருக்காக விலை பேசி, அவருக்காகப் பணம் வாங்குபவர் மற்றொருவர். முன்னவருக்குப் பொய் சொல்லக் கூடாது என்பதைத் தாண்டிப் பெரிய கடமை எதுவும் இல்லை என்று வாதிட இடமுண்டு; பின்னவர் சட்டத்தின் கண்ணில் முகவர், அவருடைய கடமைகள் கனமானவை. உங்கள் தரகர் தம்மை முதல் வகையில் சேர்த்துக்கொள்ளப் பார்க்கிறார். ஆனால் பொறுப்பை ஒப்படைத்தவர்கள் நீங்கள். தரகு தருவதாகச் சொன்னவர்கள் நீங்கள். உங்கள் சார்பில் விலை பேசியவரும் முன்பணத்தைக் கையில் பெற்றவரும் அவர். எழுத்தில் இல்லையே என்ற கவலை வேண்டாம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 185 முதல் 187 வரையிலான பிரிவுகளின்படி, முகவரை அமர்த்துவதற்குப் பிரதிபலன் (பணமோ வேறு கைம்மாறோ) தந்திருக்க வேண்டும் என்றோ, எழுத்தில் இருக்க வேண்டும் என்றோ கட்டாயமில்லை. வாய்ச்சொல்லாலும் நடத்தையாலும் அந்த உறவு உருவாகிவிடும். தரகு கேட்கும்போது மட்டும் உங்கள் ஆளாகவும், கணக்குக் கேட்கும்போது நடுவில் நின்றவராகவும் அவர் இருக்க முடியாது.

முகவர் என்று ஆனபின் அவருடைய முதற்கடமை, தம் நலனையும் உங்கள் நலனையும் மோத விடாதிருப்பது. இதற்கு 1872ஆம் ஆண்டுச் சட்டமே இரண்டு எடுத்துக்காட்டுகளைத் தருகிறது. சட்டநூல்கள் கதை சொல்வது அரிது, சொல்லும்போது நன்றாகவே சொல்கின்றன. பிரிவு 215இல் வருவது இது: நிலத்தை விற்றுத் தருமாறு அமர்த்தப்பட்ட முகவர், அதைச் சுற்றிப் பார்க்கும்போது உரிமையாளருக்கே தெரியாத சுரங்கம் ஒன்று அங்கே இருப்பதைக் கண்டுகொள்கிறார், அதை மறைத்து, தாமே வாங்கிக்கொள்ள விரும்புவதாகச் சொல்லி வாங்கிவிடுகிறார். பின்னால் உண்மை தெரிய வந்த உரிமையாளர் அந்த விற்பனையைத் தள்ளிவிடவும் செய்யலாம், ஏற்றுக்கொள்ளவும் செய்யலாம்; தேர்வு அவருடையது. பிரிவு 216இல் வீடு வாங்கித் தருமாறு அமர்த்தப்பட்டவர், அந்த வீடு கிடைக்காது என்று சொல்லிவிட்டுத் தமக்கே வாங்கிக்கொள்கிறார்; அவர் கொடுத்த விலைக்கே அதைத் தமக்கு விற்குமாறு அமர்த்தியவர் அவரைக் கட்டாயப்படுத்தலாம். இரண்டிலும் முகவர் அநியாய விலை கொடுத்தாரா என்பது மட்டுமே கேள்வி அல்ல என்பதைக் கவனியுங்கள். பிரிவு 215இன்படி, முக்கியமான செய்தியை நேர்மையின்றி மறைத்தார் என்பது தெளிவானாலே போதும்; நட்டம் ஏற்பட்டது என்பது மாற்று வழி.

இனி உங்கள் வாங்குபவருக்கு வருவோம். தரகர் தம் பெயரில் வாங்கவில்லை, தம்பியின் பெயரில் ஒப்பந்தம் எழுதியிருக்கிறார். இங்கே ஒரு நூலிழை வேறுபாடு இருக்கிறது. அதைச் சொல்லாமல் உங்களுக்கு நம்பிக்கை ஊட்டுவது சரியல்ல. பணம் தரகருடையது, பெயர் மட்டும் தம்பியுடையது என்றால் பிரிவு 215 நேரடியாகப் பொருந்தும். பெயரை மாற்றிப் போட்டதால் ஆள் மாறிவிடுவதில்லை. தம்பி உண்மையிலேயே தம் சொந்தப் பணத்தில் தமக்காக வாங்குகிறார் என்றாலும், உறவைச் சொல்லாமல் விலை பேசியது தரகரின் கடமை மீறலே. ஆனால் ஒப்பந்தத்தையே தள்ளிவிடும் உரிமை, அந்தத் தம்பிக்கு இந்த மறைப்பு எவ்வளவு தெரியும், அதில் அவருக்குப் பங்கு உண்டா என்பதைப் பொறுத்திருக்கும். தம் அண்ணன் உங்களுக்காக விலை பேசுகிறார் என்பதும், உறவு உங்களிடம் சொல்லப்படவில்லை என்பதும் தெரிந்தே அவர் கையெழுத்திட்டிருந்தால், ஏதும் அறியாத மூன்றாம் மனிதர் என்ற பாதுகாப்பை அவர் எளிதில் கோர முடியாது. எனவே பணம் எங்கிருந்து வந்தது, யாருக்கு எப்போது என்ன தெரியும் என்ற இரண்டுக்கும் சான்று தேடுங்கள். இங்கிலாந்தில் இதை இன்னும் கறாராகவே வைத்திருக்கிறார்கள். அங்கே 1979ஆம் ஆண்டின் வீட்டு முகவர்கள் சட்டம், முகவருக்கோ அவருடைய உடன்பிறந்தார் போன்ற நெருங்கியவர்களுக்கோ அந்தச் சொத்தில் நலன் கிடைக்கப்போகிறது என்றால், பேச்சுவார்த்தையில் இறங்குவதற்கு முன்பே அதை வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

கூடுதல் விலை கேட்டவரைப் பற்றி உங்களிடம் சொல்லாததற்குத் தரகர் கூறும் காரணம் புதியதல்ல. கெப்பல் எதிர் வீலர் என்ற ஆங்கில வழக்கில் இதே காரணத்தைச் சொல்லி 1927லேயே ஒருவர் தோற்றிருக்கிறார். அங்கே ஒரு கட்டடத்துக்கு ஒருவர் கேட்ட விலையை உரிமையாளர் ஏற்றுக்கொண்டார். ஆனால் முறையான ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை இரு தரப்பையும் அது கட்டுப்படுத்தாது. அந்த இடைவெளியில் வேறொருவர் கூடுதல் விலை சொன்னார். பேச்சு முடிந்துவிட்டது, தம் வேலையும் முடிந்துவிட்டது என்று முகவர்கள் எண்ணி, உரிமையாளரிடம் அதைத் தெரிவிக்கவில்லை. கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை முகவரின் கடமை முடிவதில்லை என்று நீதிமன்றம் சொல்லி, இரண்டு விலைகளுக்கும் இடையிலான வேறுபாட்டை இழப்பீடாகத் தரச் செய்தது. உங்களுடைய மூன்று வாரமும் அதே இடைவெளிதான். வந்த விலையை ஏற்பதா, கொடுத்த வாக்கைக் காப்பதா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களும் உங்கள் தம்பியும். வாக்கைக் காப்போம் என்றே நீங்கள் முடிவெடுத்திருக்கலாம். அந்த முடிவைத் தரகர் உங்களுக்குப் பதிலாகத் தாமே எடுத்துவிட்டார் என்பதே பிழை. அவருடைய தம்பி வாங்குபவராக இருக்கும்போது அந்தப் பிழைக்கு வேறு நிறமும் ஏறிவிடுகிறது. கெப்பல் வழக்கின் முகவர்கள் நேர்மையாகவே தவறாகப் புரிந்துகொண்டவர்கள். உங்கள் தரகரைப் பற்றி அப்படிச் சொல்வது கடினம்.

இரு பக்கமும் கமிஷன் வாங்குவது தொழிலில் உள்ளதுதான் என்பதில் பாதி உண்மை இருக்கிறது. பல நாடுகளில் அது தடை செய்யப்படவில்லை. ஆனால் சிங்கப்பூரில் 2010ஆம் ஆண்டின் வீட்டு முகவர்கள் சட்டத்தின் கீழ், ஒரே பரிவர்த்தனையில் விற்பவர், வாங்குபவர் இருவருக்காகவும் ஒரே விற்பனை முகவர் செயல்படுவது அறவே கூடாது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் நிலை வேறு: சிலவற்றில் தடை, பலவற்றில் இருவரும் விவரம் தெரிந்து சம்மதித்தால் அனுமதி. தடை இல்லாத இடங்களிலும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு. எதிர்ப்பக்கத்திலிருந்து பணம் வருகிறது என்பதையும் எவ்வளவு என்பதையும் அமர்த்தியவர் அறிந்து, ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ‘எல்லோருக்கும் தெரிந்ததுதானே’ என்பது சம்மதம் ஆகாது.

அறியாமல் வாங்கப்பட்ட கமிஷன் என்ன ஆகும் என்பதற்கு 2014ஆம் ஆண்டில் ஐக்கிய இராச்சியத்தின் உச்ச நீதிமன்றம் சொன்ன விடை, இந்தத் துறையில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டியது. மொனாக்கோவின் மான்டி கார்லோவில் உள்ள ஒரு விடுதியை முதலீட்டாளர்கள் 21 கோடியே 15 லட்சம் யூரோவுக்கு வாங்கினார்கள். அவர்களுக்காக விலை பேசிய நிறுவனம், விற்பவரிடமிருந்தும் ஒரு கோடி யூரோ கமிஷன் பெற ஏற்பாடு செய்துகொண்டிருந்தது. அதற்கு வாங்கியவர்களின் முறையான சம்மதம் இல்லை. அந்த ஒரு கோடியும் முதலிலிருந்தே வாங்கியவர்களுக்கு உரிய பணம், முகவர் அதைக் காவல் வைத்திருந்தார், அவ்வளவுதான் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே வாங்குபவரான தம் தம்பியிடமிருந்து உங்கள் தரகர் ஏதாவது வாங்கியிருந்தால், அதையும் நீங்கள் கேட்க முடியும். எல்லா நாட்டு நீதிமன்றங்களும் அதே அளவுக்குப் போகும் என்று உறுதி சொல்லமாட்டேன். ஆனால் கணக்குக் கேட்கும் உரிமையை எந்த நீதிமன்றமும் உங்களுக்கு மறுக்காது.

தெருவில் இன்னொரு வீட்டையும் அவர் விற்றுக்கொண்டிருந்தது துரோகமா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஒரே நேரத்தில் பலருடைய வீடுகளை விற்பதுதான் அந்தத் தொழில். உங்கள் வீட்டுக்காக மட்டும் வேலை செய்ய வேண்டும் என்று நீங்கள் பேசிக்கொள்ளவும் இல்லை. பெர்முடாவிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு (பிரிட்டனின் கடல்கடந்த ஆட்சிப்பகுதிகளுக்கான இறுதி மேல்முறையீட்டு மன்றம்) போன கெல்லி எதிர் கூப்பர் வழக்கில் 1992இல் இது தீர்க்கப்பட்டது. அடுத்தடுத்த இரண்டு வீடுகளுக்கும் ஒரே முகவர். ஒரே வாங்குபவர் இரண்டையும் வாங்க முனைந்ததை முகவர் ஓர் உரிமையாளரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கூடுதல் விலைக்குப் பேரம் பேசியிருப்பேன் என்றார் அந்த உரிமையாளர். ஒரு வாடிக்கையாளரின் செய்தியை இன்னொருவரிடம் சொல்லும் கடமை முகவருக்கு இல்லை என்று முடிவாயிற்று. இந்தக் குறையை, தரகருக்கு நீங்கள் அனுப்பப்போகும் வழக்கறிஞர் நோட்டீஸில் சேர்க்காதீர்கள். வலுவான மூன்று குறைகளோடு வலுவற்ற ஒன்றைக் கட்டினால், எதிர்த்தரப்பு அதை மட்டும் பிடித்துக்கொண்டு பேசும்.

அவர் பிடித்து வைத்திருக்கும் பணத்தைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. உங்கள் சார்பில் வந்த பணம் உங்களுடையது. இந்தியச் சட்டத்தின் 218ஆம் பிரிவின்படி அதை உங்களிடம் சேர்க்க வேண்டும். 213ஆம் பிரிவின்படி கேட்டபோது கணக்குக் காட்ட வேண்டும். தமக்குச் சேர வேண்டிய தரகைக் கழித்துக்கொள்ளலாம் என்று 217ஆம் பிரிவு இருப்பது உண்மைதான். ஆனால் வேறு விதமாகப் பேசிக்கொள்ளாதவரை, ஏற்ற வேலை முடியும் முன் தரகு சேர வேண்டிய பணமாக ஆவதில்லை என்று 219ஆம் பிரிவு சொல்கிறது. கிரயம் ஆகாத நிலையில் கழித்துக்கொள்ள அவருக்கு என்ன இருக்கிறது? ஒப்பந்தம் எழுதியதுமே பாதி தரகு என்று வாய்ப்பேச்சில் எங்காவது ஒப்புக்கொண்டீர்களா என்பதை மட்டும் நினைவுபடுத்திப் பாருங்கள். வாடிக்கையாளர் பணத்தைத் தரகரின் சொந்தப் பணத்தோடு கலக்கவே கூடாது என்பது பல நாடுகளில் தனி விதியாகவே இருக்கிறது: இங்கிலாந்தில் முன்பணத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், சிங்கப்பூரில் வீடு விற்பனைப் பணத்தை விற்பனை முகவர் கையால் தொடவே கூடாது.

தரகு தர வேண்டுமா? முகவர் தாம் ஏற்ற வேலையில் முறைகேடாக நடந்துகொண்டால், அந்த முறைகேடு நடந்த பகுதிக்கு ஊதியம் பெற உரிமையில்லை என்று 220ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. மேலே சொன்ன கெப்பல் வழக்கில் முகவர்கள் இழப்பீடு கொடுத்த பின்னும், நேர்மையான பிழை என்பதால் தரகு பெற அனுமதிக்கப்பட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எனவே எல்லாம் முறைகேடு நேர்மையானதா, வேண்டுமென்றே செய்ததா என்பதில் போய் நிற்கும். உறவை மறைத்ததும் விலையை மறைத்ததும் ஒரே மனிதருக்கு ஒரே திசையில் ஆதாயம் தந்திருப்பதால், அது தற்செயல் என்று நம்ப வைப்பது அவருக்குச் சிரமம். நீங்கள் இங்கிலாந்தில் இருந்தால் கூடுதலாக ஓர் ஆயுதமும் உண்டு: தரகு எவ்வளவு, எப்போது தர வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் தராத முகவர், நீதிமன்ற ஆணை இல்லாமல் அதை வசூலிக்க முடியாது.

பதிவு இல்லாத தரகரா என்பதையும் பார்த்துவிடுங்கள். இந்தியாவில் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவு பெற்ற திட்டங்களின் மனைகளையும் அடுக்குமாடி வீடுகளையும் விற்கும் முகவர்களைப் பதிவு செய்ய வைக்கிறது. கணக்கேடு வைத்திருப்பது, தவறான வாக்குறுதி தராதிருப்பது, வாங்குபவருக்கு உரிய ஆவணங்களைக் கிடைக்கச் செய்வது ஆகியவற்றைக் கடமையாக்குகிறது. தனியார் ஒருவரின் பழைய வீட்டு மறுவிற்பனை பொதுவாக அதன் வரம்பில் வராது என்பதால், நீங்கள் இந்தியாவில் இருந்தால் உங்கள் வழி ஒப்பந்தச் சட்டமே. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பதிவு விவரத்தை யாரும் பார்த்துக்கொள்ளலாம். ஒழுங்கு நடவடிக்கைக்கு முறையிடவும் தனி அமைப்புகள் உண்டு.

இனி ஓதம். தரகரிடம் நீங்கள் எதிர்பார்த்த விசுவாசத்தில் ஒரு பகுதி, அவர் தரக்கூடாத ஒன்றாக இருந்தது. உங்கள் கடைசி விலை என்ன, நீங்கள் எவ்வளவு அவசரத்தில் இருக்கிறீர்கள் என்பவற்றை அவர் எதிர்ப்பக்கத்திடம் சொல்லாமல் காக்க வேண்டும். அது உங்கள் ரகசியம். சுவரில் நீர் ஏறுவது அந்த வகையைச் சேர்ந்தது அல்ல. இந்தியாவின் சொத்துரிமை மாற்றச் சட்டம் 1882இன் 55ஆம் பிரிவு, தமக்குத் தெரிந்த, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தால் புலப்படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது. சொல்லாமல் விடுவதை மோசடியாகவே கருதுகிறது. ‘வாங்குபவர்தான் பார்த்து வாங்க வேண்டும்’ என்ற பழைய ஆங்கில மரபு, கேட்காததைச் சொல்லாமல் இருக்க விற்பவருக்கு ஓரளவு இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த மரபிலும் வாயை மூடிக்கொண்டு இருப்பது வேறு, வண்ணம் பூசுவது வேறு. கார்டன் எதிர் செலிகோ என்ற 1986ஆம் ஆண்டு வழக்கில், மரத்தை அரிக்கும் பூஞ்சையை மேலே மூடி மறைத்துவிட்டு விற்றதை, வாயால் சொன்ன பொய்க்கு நிகரான பொய் என்று ஆங்கில மேல்முறையீட்டு நீதிமன்றம் கொண்டது. நீங்கள் பூசிய வண்ணமும் அப்படிப்பட்ட ஒரு வாக்கியமே.

தரகர் இதில் தப்பித்துவிட முடியுமா என்றால், முடியாது. அமர்த்தியவர் சொன்னார், செய்தேன் என்பது சட்டத்துக்குப் புறம்பான கட்டளைக்கு விடையாகாது. கலிபோர்னியாவில் 1984ஆம் ஆண்டின் ஈஸ்டன் வழக்கு இன்னும் ஒரு படி மேலே போனது: மண் கொட்டி மேடாக்கிய, நிலம் நழுவக்கூடிய இடத்தில் இருந்த வீட்டை விற்ற முகவர்கள், அதற்கான அறிகுறிகள் கண்ணெதிரே இருந்தும் ஆராயவில்லை, விற்பவரின் முகவரே ஆனாலும், வீட்டைக் கவனமாகப் பார்த்து, விலையைப் பாதிக்கும் குறைகளை வாங்குபவரிடம் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றம் விதித்தது. பின்னர் அந்த மாநிலச் சட்டத்திலேயே அது இடம்பெற்றது. எல்லா நாடுகளும் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் தெரிந்தே மறைக்கத் துணைபோவதை எந்த நாடும் மன்னிப்பதில்லை. அதோடு, முகவர் தம் வேலையின் போக்கில் செய்யும் பொய், அமர்த்தியவரே செய்ததற்குச் சமம் என்று ஒப்பந்தச் சட்டத்தின் 238ஆம் பிரிவு சொல்கிறது; அவர் சொன்ன பொய்க்கு நீங்களும் பதில் சொல்ல வேண்டிவரும்.

இதிலிருந்தே மிரட்டலுக்கும் விடை கிடைக்கிறது. சொல்லியே ஆக வேண்டிய ஒன்றைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுபவரின் கையில், நீங்கள் அதை முதலில் சொல்லிவிட்டால் ஒன்றும் மிஞ்சாது. வாங்குபவருக்கு, அவர் தரகரின் தம்பியே ஆனாலும், பின்னறைச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் ஏறுகிறது, வண்ணத்தால் அது தெரியாமல் இருக்கிறது என்று எழுத்தில் தெரிவியுங்கள். அண்ணனுக்குத் தெரிந்தது தம்பிக்கும் தெரிந்திருக்கும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள். தம்பிக்காகவும் தரகர் செயல்பட்டார் என்று நிறுவினால், முகவருக்குத் தெரிந்தது அமர்த்தியவருக்கும் தெரிந்ததே என்ற 229ஆம் பிரிவு உங்களுக்கு உதவக்கூடும். ஆனால் அது வழக்கில் பேச வேண்டிய வாதம், ஒரு கடிதத்தால் முடிகிற வேலைக்கு வழக்கு எதற்கு? பணம் தராவிட்டால் வெளியே சொல்வேன் என்று அவர் எழுதியோ பதிவாகும் வகையில் பேசியோ இருந்தால் அதை அழிக்காமல் வையுங்கள். பணம் பறிக்கும் மிரட்டல் பல நாடுகளில் தனிக் குற்றம். அதோடு, அவரே மறைப்பில் பங்கேற்றார் என்பதற்கும் அதுவே சான்று.

அதிக விலை சொன்னவருக்கு இப்போதே விற்கலாமா என்ற கேள்வியில்தான் உங்களைத் தடுத்து நிறுத்த விரும்புகிறேன். கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்று உயிரோடு இருக்கிறது. அது செல்லாது என்று நீங்கள் நம்புவது போதாது. முறைப்படி அதைத் தள்ளாமல் இன்னொருவரிடம் முன்பணம் வாங்கினால், தரகரின் தம்பி ஒப்பந்தத்தை நிறைவேற்றித் தருமாறு வழக்குத் தொடுக்கலாம், புதியவரும் உங்கள் மீது பாய்வார். ஒரு வீட்டுக்கு இரண்டு ஒப்பந்தம் எழுதிய பழி உங்களுக்கு வந்து சேரும். விற்பனையை ஏற்பதா தள்ளுவதா என்பது உங்கள் தேர்வு என்று மேலே சொன்னேன். அந்தத் தேர்வை உண்மை தெரிந்தபின் காலம் கடத்தாமல் செய்ய வேண்டும், ஏனெனில் எல்லாம் தெரிந்தும் பேசாமல் இருந்தால் ஏற்றுக்கொண்டதாகப் பொருள் கொள்ளப்படும். தள்ளுவது என்றால் பெற்ற முன்பணத்தைத் திருப்பித் தர ஆயத்தமாக இருக்க வேண்டும்; தரகர் வைத்திருக்கும் பகுதியை அவரிடமிருந்து வாங்கும் பாரமும் உங்களுடையது. ஏற்பது என்றால் கிரயத்தை முடித்துவிட்டு, விலை வேறுபாட்டைத் தரகரிடமிருந்து இழப்பீடாகக் கேட்கலாம். வழக்கு இல்லாமல் கையில் பணம் வர வேண்டும் என்பதே உங்கள் முதல் தேவை என்றால், இரண்டாவது வழி பெரும்பாலும் எளிது.

நீங்களும் உங்கள் தம்பியும் சமபங்குக்காரர்கள் என்பதால், எந்த முடிவும் இருவர் கையெழுத்தோடும் வெளிவர வேண்டும். உங்களில் ஒருவரைத் தனியே அழைத்துப் பேசி இன்னொருவருக்கு எதிராகத் திருப்பும் வாய்ப்பைத் தரகருக்குக் கொடுக்காதீர்கள். அதிக விலை சொன்னவரிடமிருந்து, எந்த நாளில் எவ்வளவுக்குக் கேட்டார், யாரிடம் கேட்டார் என்று இரண்டு வரி எழுதி வாங்கி வையுங்கள். மூன்று வார இடைவெளிக்குள் அந்த நாள் விழுகிறதா என்பதில்தான் உங்கள் இழப்பீட்டுக் கோரிக்கை நிற்கிறது. பிறகு உள்ளூர் வழக்கறிஞர் மூலம் தரகருக்கு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்: பெற்ற தொகை எவ்வளவு, எந்தக் கணக்கில் இருக்கிறது, வாங்குபவரிடமிருந்து ஏதும் பெற்றாரா, வாங்கும் பணத்தில் அவருக்குப் பங்குண்டா என்ற நான்கு கேள்விகளும், விடை தர ஒரு கெடுவும் அதில் இருந்தால் போதும், வசைகள் வேண்டாம். ஓதத்தைத் தெரிவிக்கும் கடிதம் அந்த நோட்டீஸுக்கு முந்திய நாளிலாவது வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கட்டும்.